நான் போட்ட நான்கு கையெழுத்து



மேடையில் பேசப்போவதை முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள், மலரில் போட வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் எழுத்தாளன் இல்லை. பாக்டரியில் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை இது. எழுத்துத் தமிழில் ஆரம்பித்துப் பாதியில் பேச்சுத் தமிழில் போய் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெற்றிக்கு வழி என்கிற மாதிரி ஏதாவது பேசச் சொன்னார்கள். வெற்றி பெற்றவர்கள் நிறைய பேர் இந்த வரிசையில் இருக்கிறார்கள், அதை அவர்கள் பேசட்டும், எனக்கு அப்ரண்டிஸ் விஷயம் பேச வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தாம்பரத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேற்குத் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போய் நின்று பாருங்கள். வரிசையாகக் கம்பெனி பஸ். நீலச் சட்டை, சாம்பல் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் டிபன் பை. பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் போய், அங்கே திரும்பி ஒரகடம். இன்னொரு பக்கம் திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட். சானடோரியத்தில் 1984-இல் ஆரம்பித்த ஏற்றுமதி மண்டலம். அந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "தம்பி, நீ கம்பெனியில என்னவா இருக்கே?" என்று கேட்டால், "டிரெய்னி சார்" என்பான். பக்கத்தில் நிற்பவன் "அப்ரண்டிஸ்" என்பான். மூன்றாமவன் "கான்ட்ராக்ட்" என்பான். மூன்று பேரும் ஒரே லைனில் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். வித்தியாசம் என்ன என்று கேட்டால் மூன்று பேருக்கும் தெரியாது. கொஞ்ச காலம் முன்பு வரை எனக்கே அதில் அக்கறை இருந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வட்டாரத்தில் பாக்டரி வருவதும் போவதும் புதுசில்லை. குரோம்பேட்டை என்கிற பேரே குரோம் லெதர் என்கிற தோல் கம்பெனியால் வந்தது. கம்பெனி போய்விட்டது, பேர் இருக்கிறது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கார் கம்பெனி இருந்தது. எண்பதுகளின் கடைசியில் நின்றுபோனது, இன்றைக்கு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் கட்டிடங்கள். மறைமலை நகரில் ஃபோர்டு 2022 வரைக்கும் கார் செய்தது. ஒரு கேட் மூடினால் அடுத்த கேட்டுக்கு ஆள் எதை எடுத்துக்கொண்டு போக முடியும்? சீருடையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், அட்டையையும் வாங்கிக்கொள்வார்கள். கையில் கற்றுக்கொண்ட வேலை ஒன்றுதான் அவனோடு பஸ் ஏறும். அதனால்தான் இந்த அப்ரண்டிஸ் விஷயத்தை நான் பெரிசாக நினைக்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தூங்காதீர்கள். தொழில் பழகுநர் சட்டம் 1961 டிசம்பரில் நிறைவேறியது, 1962 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்தது. ஆரம்பத்தில் பிட்டர், டர்னர், வெல்டர் மாதிரி டிரேடுகளுக்குத்தான். 1973-இல் பி.இ., டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்தார்கள். 1986-இல் பிளஸ் டூ தொழிற்பிரிவு மாணவர்களும் வந்தார்கள். 2014-இல் பெரிய திருத்தம் ஒன்று. அதுவரை சட்டத்தை மீறிய முதலாளிக்கு ஜெயில் தண்டனை என்று எழுதியிருந்தது, அதை எடுத்துவிட்டு அபராதம் ஆக்கினார்கள். 2019 விதிப்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம், தன் ஆள் கணக்கில் இரண்டரை சதவீதத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். அதே 2019-இல் குறைந்தபட்ச உதவித்தொகை, பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று நிர்ணயித்தார்கள். இந்த இரண்டு பேருக்கும் அதில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. தொகையை 36 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று 2025 மே மாதம் மத்திய தொழில் பழகுநர் கவுன்சில் பரிந்துரை செய்தது. தென் மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? டெல்லியில் இல்லை. நம்ம தரமணியில், சி.ஐ.டி. வளாகத்தில். வேளச்சேரியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் போய்விடலாம்.

இந்தச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், அவர் தொழிலாளி அல்ல. பதினெட்டாவது பிரிவு. இந்த ஒரு வரியை இரண்டு விதமாகப் படிக்கலாம். முதல் விதம்: அவனிடம் உற்பத்தியை எதிர்பார்க்காதே, சொல்லிக்கொடு. இரண்டாவது விதம்: அவனுக்கு பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, பாதிப் பணம் கவர்மென்ட் தருகிறது, ஆகவே மலிவு. நம் வட்டாரத்தில் எந்த விதமாகப் படிக்கிறார்கள் என்பது பாக்டரிக்கு பாக்டரி, ஏன், ஒரே பாக்டரியில் இன்ஜினீயருக்கு இன்ஜினீயர் மாறுகிறது. நான் இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் 2011-இல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனவன். கேம்பஸ் இன்டர்வியூவில் என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேரை சாப்ட்வேர் கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போயின. என்னை யாரும் அள்ளவில்லை. (என் மார்க் ஷீட்டைப் பார்த்தவர்கள் முன்வரிசையில் சிரிக்கிறார்கள்.) தரமணி வாரியத்தில் பதிவு செய்து, மறைமலை நகர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒரு வருஷ அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். உதவித்தொகை மாதம் 3,560 ரூபாய். "நாலு வருஷம் பி.இ. படிக்க வச்சு அப்ரண்டிஸா?" என்று அம்மா கேட்டது ஒரு நாள்தான். அப்பா கேட்கவே இல்லை. ஆனால் கல்யாண வீடுகளில் யாராவது, "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால், "கம்பெனியில இருக்கான்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று பந்தி பக்கம் திரும்பிவிடுவார்.

அங்கே எனக்கு ஒரு போர்மேன் வாய்த்தார். ஐ.டி.ஐ. பிட்டர். எழுபதுகளில் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஆக்ட் அப்ரண்டிஸாக இருந்தவர். அங்கே வேலை நிரந்தரமாகாததால் தனியார் பக்கம் வந்து, நான் பார்க்கும்போது ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. முதல் வாரம் எனக்கு ஒரு இரும்புக் கட்டியையும் அரத்தையும் கொடுத்து, நாலு பக்கமும் மட்டமாக, மூலை தொண்ணூறு டிகிரியாக வரும்வரை ராவச் சொன்னார். கை கொப்புளித்துவிட்டது. நாலாம் நாள் நான், "சார், இதெல்லாம் இப்ப மில்லிங் மிஷின் பண்ணிடுமே" என்றேன். "மிஷின் பண்ணிடும் தம்பி. அது சரியா பண்ணுச்சான்னு யார் சொல்றது? உங்க கை சொல்லணும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறாம் நாள் டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது இடுக்கில் வெளிச்சம் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் டீ அவர் வாங்கிக் கொடுத்தார்.

இன்னொரு சம்பவம் சொல்ல வேண்டும். மூன்றாவது மாதம் என்னை ஒரு சி.என்.சி. மிஷினில் விட்டார்கள். அலுமினிய ஹவுசிங், 80 மில்லிமீட்டர் துளை. அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் 30 மைக்ரான், அதாவது மேல்பக்கம் 30, கீழ்பக்கம் பூஜ்யம். மிஷினிலிருந்து இறக்கியதும் போர் கேஜை விட்டுப் பார்த்தேன், எல்லையைத் தாண்டி 38 காட்டுகிறது. பெரிதாகப் போகிறதே என்று ஆப்செட்டில் 20 மைக்ரான் குறைத்தேன். எனக்கு ரொம்பப் பெருமை, தவற்றை நானே கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன் என்று. மத்தியானத்துக்குள் நாற்பது பீஸ் வரை ஓட்டியிருப்பேன். இன்ஸ்பெக்ஷனில் அத்தனையும் ரிஜெக்ட். துளை சின்னது.

போர்மேன் வந்தார். திட்டவில்லை. மிஷினிலிருந்து அப்போது இறங்கிய பீஸை எடுத்து என் கையில் வைத்தார். "எப்படி இருக்கு?"

"சுடுது சார்."

"சூட்டுல அளந்தா பெருசாத்தான் காட்டும். ஆறினப்புறம் அளக்கணும். இருபத்தஞ்சு, முப்பது மைக்ரான் ஏமாத்தும்."

வெப்ப விரிவு. முதல் வருஷம் பிசிக்ஸில் படித்திருக்கிறேன், பரீட்சையில் கணக்குப் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். அது இங்கே, என் கையில் இருக்கிற துளைக்குள் இருக்கிறது என்று அதுவரை தோன்றவே இல்லை. நல்லவேளை, சின்னதாகப் போன துளையை மறுபடி கடைந்து பெரிதாக்கலாம், அதனால் பீஸெல்லாம் பிழைத்தன. நேர்மாறாக நடந்திருந்தால் அத்தனையும் எடைக்குத்தான் போயிருக்கும்.

மறுநாள் டேலி ஷீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். துளை 80 மில்லிமீட்டர். சூடு அறையை விட ஒரு பதினைந்து டிகிரி கூட. பெருக்கினால் கிட்டத்தட்ட 28 மைக்ரான் வருகிறது. அதாவது மொத்த டாலரன்ஸையும் சூடே சாப்பிட்டுவிடுகிறது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "முப்பது வருஷமா இருபத்தஞ்சு முப்பதுன்னு வாயால சொல்லிக்கிட்டிருக்கேன். ஏன்னு இப்பத்தான் தம்பி தெரியுது. இரும்பா இருந்தா எவ்வளவு?" என்று கேட்டார். பாதிதான் சார் என்றேன். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

படிப்பும் பட்டறையும் சேர்ந்த கல்வி என்று கருத்தரங்குகளில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும். அவரிடம் இருந்தது என்னிடம் இல்லை, என்னிடம் இருந்தது அவரிடம் இல்லை. சேர்த்து வைத்தது அந்த ஒரு வருஷம்.

இனி இரண்டாவது கதை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டில் கேட்டேன். "சொல்லிடுங்க, அப்பத்தான் தூக்கம் வரும்" என்றாள் மனைவி.

சில வருஷங்களுக்கு முன்பு, அப்போது நான் வேலை செய்துகொண்டிருந்த வேறொரு தொழிற்சாலையில், காகிதத்தில் நான்தான் பயிற்சிப் பொறுப்பாளர். டிப்ளமோ முடித்த பையன் ஒருவன் அப்ரண்டிஸாக வந்தான். செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு கிராமம். தினம் காலை நாலரை மணிக்கு எழுந்து வருகிறவன், ஒரு நாள்கூட லேட் இல்லை. அந்தச் சமயம் எங்களுக்கு ஆர்டர் மேல் ஆர்டர். ஆள் பற்றாக்குறை. பிசிறு எடுக்கிற மேஜையில் ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், இரண்டு வாரத்துக்கு என்று அவனை அங்கே போட்டேன். இரண்டு வாரம் இரண்டு மாதமானது. பிறகு பேக்கிங். பிறகு மறுபடி பிசிறு. பையன் நன்றாக வேலை செய்தான், அதனால் அவனை யாரும் மாற்றச் சொல்லவில்லை. வேலை சரியாகச் செய்யாத இன்னொரு பையனைத்தான் எல்லோரும் தள்ளித் தள்ளி விட்டு, அவன் எல்லா டிபார்ட்மென்டும் பார்த்துவிட்டான்! இது எல்லா பாக்டரியிலும் நடக்கிற வேடிக்கை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை ஒன்று போக வேண்டும். என்ன கற்றான், எப்படிச் செய்கிறான் என்று. பர்சனல் டிபார்ட்மென்டிலிருந்து பதினாலு பேருடைய பாரத்தை ஒரு பைலில் வைத்து, மாதக் கடைசியில், டிஸ்பாட்ச் நெருக்கடியில் கொண்டுவந்து நீட்டுவார்கள். சி.என்.சி. இயக்கம், நன்று. அளவுக் கருவிகள், நன்று. தரக் கட்டுப்பாட்டு ஆவணங்கள், மிக நன்று. கையெழுத்து. ஒரு வருஷத்தில் நான்கு முறை. அதை வைத்துத்தான் கடைசியில் சான்றிதழ் வரும், வந்தது. அவனும் ஸ்வீட் பாக்ஸோடு வந்து சொல்லிவிட்டுப் போனான்.

நாலு மாதம் கழித்து எனக்கு ஒரு போன். என் பேட்ச் நண்பன், இதோ இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான், பேர் சொல்ல மாட்டேன். திருமுடிவாக்கத்தில் சொந்தமாக ஒரு மிஷின் ஷாப் வைத்திருக்கிறான். "டேய், உன்கிட்ட அப்ரண்டிஸ் முடிச்ச பையன் ஒருத்தன் வந்தான். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்னு நினைச்சேன். சும்மா ஒரு பேச்சுக்கு போர் கேஜைக் கையில குடுத்து ஜீரோ செட் பண்ணச் சொன்னேன். 'சார், இதை நான் தொட்டதே இல்லை'ன்னு சொல்லிட்டான். பொய்யாவது சொல்லியிருக்கலாம்டா, நேர்மையான பையன். நீ என்னடா ஒரு வருஷம் பண்ணிக்கிட்டிருந்தே?" என்று கேட்டான்.

போர் கேஜ். எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்த அதே கருவி.

அந்தப் பையனுக்கு போன் போட்டேன். சனிக்கிழமைகளில் வா, நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன், நண்பனிடம் மறுபடி பேசுகிறேன் என்றேன். அவன் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. "பரவாயில்லை சார். இப்ப டூ வீலர்ல டெலிவரி போறேன். அப்ரண்டிஸ்ல வந்ததைவிட ஜாஸ்தியா வருது. தங்கச்சி படிக்கிறா, சனிக்கிழமை லீவு போட முடியாது சார்" என்றான். நான் வற்புறுத்தினேன். "உங்களுக்கு ஏன் சார் சிரமம்" என்று வைத்துவிட்டான். டெலிவரி வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் மூன்று வருஷம் மெக்கானிக்கல் டிப்ளமோ, அதற்கு மேல் ஒரு வருஷம் என்னிடம். அந்த நாலாவது வருஷத்தை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

நான் கெட்டவன் என்று சொல்லிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. என்னைப் போல் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த அரங்கில் நாற்பது ஐம்பது பேராவது இருப்பீர்கள். உங்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. டிஸ்பாட்ச் இருக்கும்.

ஜெர்மனியைப் பார், ஜெர்மனியைப் பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, பார்ப்போம். அங்கே பள்ளி முடித்த பிள்ளை ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியில், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் என்று இரண்டிலிருந்து மூன்றரை வருஷம் பழகுகிறது. இதற்கென்று 1969-இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் ஊரிலும் இந்த மாதிரி முயற்சிகள் இல்லாமல் இல்லை. கோவை பி.எஸ்.ஜி.யில் சாண்ட்விச் பி.இ. என்று ஐந்து வருஷப் படிப்பு, வளாகத்துக்குள்ளேயே பம்பு, மோட்டார் செய்கிற தொழிற்கூடம். ஐ.டி.ஐ.களில் 2016-லிருந்து இரட்டை முறைப் பயிற்சி என்று ஒன்று. ஆனால் ஜெர்மனியைப் பற்றிப் பேசுகிறவர்கள் விட்டுவிடுகிற விஷயங்கள் இரண்டு. ஒன்று, கடைசிப் பரீட்சையைப் பயிற்சி கொடுத்த கம்பெனி வைப்பதில்லை, தொழில் வர்த்தக சபை வைக்கிறது. கம்பெனிக்காரன் நன்று, மிக நன்று என்று எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. இரண்டாவது, சொல்லிக்கொடுக்கிறவருக்கும் பரீட்சை உண்டு. கம்பெனிக்குள் பயிற்சியாளராக இருக்க, தனக்கு வேலை தெரிந்தால் போதாது, சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று தனியாகத் தேர்வு எழுதிக் காட்ட வேண்டும். பயிற்சிப் பொறுப்பாளர் என்று என் பேரைப் போடுவதற்கு முன்னால் என்னிடம் யாராவது அப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் பெயிலாகியிருப்பேன். என் போர்மேன், பத்தாவதுக்கு மேல் ஐ.டி.ஐ. மட்டும் படித்தவர், பாஸாகியிருப்பார்.

அப்ரண்டிஸ் முடித்தால் வேலை கிடைக்குமா என்று தம்பிகள் கேட்பீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. பயிற்சி முடித்தவர்களை எப்படி எடுப்பது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று 2014 திருத்தம் சொல்கிறது, அவ்வளவுதான். உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இல் சுப்ரீம் கோர்ட், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருகிறவரைவிட அங்கேயே பழகியவருக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றது. ரயில்வேயில் ஆக்ட் அப்ரண்டிஸ் முடித்தவர்கள் வேலை கேட்டு வருஷக்கணக்காகப் போராடினார்கள். 2018 மார்ச்சில் பம்பாயில் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் நடுவில் தண்டவாளத்தில் உட்கார்ந்து காலை நேர மின்சார ரயிலையெல்லாம் நிறுத்தினார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. என் போர்மேனும் ஒரு காலத்தில் அதே கோபத்தோடு பெரம்பூரை விட்டு வந்தவர்தான். ஆனால் அங்கே கற்ற வேலையை வைத்துக்கொண்டு அவர் முப்பது வருஷம் சாப்பிட்டார். கற்றுக்கொடுத்துவிட்டு வேலை தராதது ஒரு குறை. கற்றுக்கொடுக்காமலே வேலை வாங்கிக்கொள்வதை என்னால் அதோடு சேர்த்து எண்ண முடியவில்லை.

ஆகவே, சேருவதற்கு முன் கேளுங்கள். ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகிறதா? பதிவு எண் என்ன? பதிவாகாத "டிரெய்னி" என்றால் அது இந்தச் சட்டத்தில் வராது. 2013-இல் ஆரம்பித்த நீம் என்கிற திட்டத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் டிரெய்னி என்ற பேரில் லைனில் நின்றார்கள், பிறகு அந்தத் திட்டமே வாபஸ் ஆனது. அடுத்த கேள்வி, எந்த மாதம் எந்த டிபார்ட்மென்ட் என்று எழுதிய அட்டவணை இருக்கிறதா? எனக்குச் சொல்லிக்கொடுக்கப்போகிறவர் யார், அவரைப் பார்க்கலாமா? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாதீர்கள். கோபித்துக்கொள்கிற இடம் எது என்று முதல் நாளே தெரிந்துவிட்டால் உங்களுக்கு ஒரு வருஷம் மிச்சம். தங்கைகளுக்கு இன்னொன்று: இரவு ஷிப்ட், பஸ், தங்குமிடம், இதையெல்லாம் வாய்வார்த்தையாக விடாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தினம் ஒரு சின்ன நோட்டில் இன்றைக்கு எதைத் தொட்டேன், யார் சொல்லிக்கொடுத்தார் என்று இரண்டு வரி எழுதுங்கள். மூன்று வாரம் ஒரே வரி வந்தால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பொறுப்பாளர் முன்னால் போய் நில்லுங்கள். அந்தப் பையன் ஒரு தடவை என் முன்னால் வந்து நின்றிருந்தால் நான் மாற்றியிருப்பேன். வரவில்லை என்பது அவன் தப்பு என்று சொல்ல மாட்டேன், இருபது வயசுப் பையன், எனக்குக் கீழே வேலை.

இப்போது இருக்கிற இடத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்கலாம். பெரிதாக எதுவும் இல்லை. மேன்பவர் சார்ட்டில் பதினோரு அப்ரண்டிஸை ஆள் கணக்கில் சேர்த்திருந்தார்கள், அதை எடுக்கச் சொன்னேன். மீட்டிங்கில் சண்டை. எட்டுப் பேரை எடுக்கச் சம்மதித்தார்கள், மூன்று பேர் இன்னும் லைனில்தான் இருக்கிறார்கள், அந்தச் சண்டை தொடர்கிறது. வாரத்தில் ஒரு மத்தியானம் ஒரு ஆபரேட்டர் மிஷினை நிறுத்திவிட்டுச் சொல்லித் தருகிறார். முதல் மூன்று மாதம் உற்பத்தி குறைந்தது, மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த பாரம் வரும்போது, பையனைக் கூப்பிட்டுக் கருவியைக் கையில் கொடுத்து, செய்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம் ஆகிறது. போன காலாண்டில் இரண்டு பேருக்கு "அளவுக் கருவிகள், இன்னும் பழகவில்லை" என்று எழுதினேன். பர்சனல் டிபார்ட்மென்டில், "இப்படியெல்லாம் எழுதலாமா சார்?" என்று கேட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியில் படித்தவர்கள் கிண்டியிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் இந்த ரோடு முழுக்க இருக்கிறீர்கள். சிலர் முதலாளி, சிலர் மேனேஜர், என்னைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. வாசலில் பதிவு மேஜையில் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறேன். நன்கொடை நோட்டு இல்லை, பயப்பட வேண்டாம், அது பக்கத்து மேஜையில். இந்த நோட்டில் மூன்று பத்தி போட்டிருக்கிறேன். உங்கள் கம்பெனியில் இந்த வருஷம் எத்தனை அப்ரண்டிஸ் எடுப்பீர்கள், எந்த எந்த வேலை பழகலாம், யார் சொல்லிக்கொடுப்பார். மூன்றாவது பத்தியில் டிபார்ட்மென்ட் பேரை எழுதாதீர்கள், ஆளின் பேரை எழுதுங்கள். அந்தப் பத்தி காலியாக இருந்தால் அந்த வரியை மாணவர்களுக்குக் காட்ட மாட்டோம் என்று வேலைவாய்ப்புப் பிரிவுப் பேராசிரியரிடம் பேசி வைத்திருக்கிறேன். என் பெயரை முதல் வரியில் எழுதியிருக்கிறேன், என் நண்பன் திருமுடிவாக்கத்துக்காரன் இரண்டாவது வரியில். பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், யாரும் எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க. சாப்பாட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது.